உப்புத்துறைக்கு அண்ணன் எழுதிய விதிகள்

என் அண்ணன் செங்குட்டுவன் எதையும் தனியாக எண்ண மாட்டார். துவைத்து மடித்த சட்டையாக இருந்தாலும், வந்தவர்களுக்கு எடுத்து வைத்த தட்டாக இருந்தாலும், பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்திக்கொண்டுதான் எண்ணுவார். “ஆறு கீது. நீயும் பாரு” என்பார். நானும் பார்த்து ஆறு என்று சொன்ன பிறகுதான் அங்கிருந்து நகர்வார். வீட்டில் யாரும் இல்லையென்றால் எண்ணாமலே வைத்திருப்பார். இருபது வருடங்களாக இதைப் பார்க்கிறேன்.

அவருக்குத் துறைமுகத்தில் டேலி கிளார்க் வேலை. கண்டெய்னரில் வராத சரக்கு, அதாவது இரும்புத் தகடு, மரக்கட்டை, மூட்டை இதெல்லாம் கப்பலிலிருந்து இறங்கும்போது எண்ணிக் குறிக்கிற வேலை. கப்பல் பக்கம் ஒருவர், கரைப் பக்கம் ஒருவர் என்று இரண்டு பேர் நின்று எண்ண வேண்டும். நான்கு கோடு போட்டு ஐந்தாவதை அவற்றின் குறுக்கே இழுப்பார்கள். போட்ட கோட்டை அழிக்கக் கூடாது. தப்பாகப் போட்டுவிட்டால் அதன்மேல் அடித்து, இரண்டு பக்கத்து ஆளும் கையெழுத்துப் போட வேண்டும். ஷிப்டு முடிந்து ஒருவர் போய்விட்டால், அவர் இடத்துக்கு வந்தவர் போடுவார். அவருக்கு ரிலீவர் என்று பெயர்.

எம்.கே.பி. நகரில் வாரியக் குடியிருப்பு, இரண்டாவது மாடி. அண்ணன், அண்ணி ரமாபாய், நான் என்று மூன்று பேர் இருந்தோம். நான் எட்டாவதோடு நின்றுவிட்டேன். கையுறை கம்பெனியில் பதினாறு வருடம் தையல் போட்டேன். கண் மங்கியதும் வீட்டோடு இருந்துவிட்டேன். அண்ணி பன்னிரண்டாவது படித்தவர். எங்கள் வீட்டில் ஆங்கிலம் தடுமாறாமல் வாசித்தவர் அவர் ஒருவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு முன் அறையில் பாய் விரித்து விளையாடுவார்கள். சீட்டோ கேரமோ இல்லை. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கதாபாத்திரமாக அந்தக் கதைக்குள் இருப்பார்கள். அவரவர் ஆள் என்ன செய்கிறான் என்று அவரவர் சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா இல்லையா என்று பகடை முடிவு செய்யும். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தாள் உண்டு. அவன் பலம், வேகம், கையில் வைத்திருப்பது, பட்ட காயம் எல்லாம் அந்தத் தாளில் இருக்கும். கதை சொல்கிறவர் அண்ணன். விளையாடுகிறவர்கள் அண்ணி, பிராங்கிளின், பக்ருதீன். பிராங்கிளின் அண்ணனுக்குக் கல்மண்டபத்தில் வீடு, மீன்பிடித் துறைமுகத்தில் படகு எஞ்சின் ரிப்பேர் செய்கிறார். பக்ருதீன் அண்ணன் எங்கள் தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். நான் அடுப்பறைக் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு பார்ப்பேன். அவர்கள் கூப்பிட்டதும் உண்டு. எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது.

கதை நடக்கிற ஊரின் பெயர் உப்புத்துறை. அண்ணன் பழைய புத்தகக் கடையில் கட்டாக வாங்கி வந்த காமிக்ஸ் அது. மொத்தம் பத்துப் புத்தகங்கள். மட்டமான காகிதம், எல்லாப் பக்கமும் கறுப்பு. உப்பு விளைகிற ஒரு துறைமுகம், அதை ஆள்கிற ஏழு குடும்பங்கள், அவர்களிடம் மாட்டிய ஜனங்கள். அங்கே கத்தி துருப்பிடிக்கும். சாமி கும்பிட்டால் சாமி வராது. மாதக் கடைசியில் காற்று திரும்பும்போது துறைக்குள் இருக்கிறவர்களுக்கு உப்பிருமல் வரும், சிலர் செத்துப்போவார்கள். கதாநாயகனுக்கு முதல் புத்தகத்தில் ஒரு காது போகிறது. பத்தாவது புத்தகத்திலும் அந்தக் காது இல்லை. அண்ணனுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் அவர்கள் விளையாடிய விதிகள் வேறு ஒரு புத்தகத்தினுடையவை. கனமான ஆங்கிலப் புத்தகம். பக்ருதீன் அண்ணன் கடையில் நகல் எடுத்து ஸ்பைரல் போட்டது. அண்ணிதான் அதை வாசித்துத் தமிழில் சொல்வார். அந்த விதியில் எவ்வளவு அடி பட்டாலும் ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். ரப்பரால் அழித்துவிட்டு மறுபடி கிளம்பலாம்.

“இன்னா நைனா இது?” என்று பிராங்கிளின் அண்ணன் சிரிப்பார். “நேத்து வயித்துல ஈட்டி பூந்து முதுகுல வந்துச்சு. இன்னிக்கு எய்ந்து இட்லி துன்னுகினு கீறேன். இந்த மாதிரி ஒரு ஆசுபத்திரி நம்ம ஏரியால கீதா?”

“உனக்கு சட்னி வேற கேக்குதே” என்பார் அண்ணி. “வாங்கின அடிக்கு கஞ்சி குடி.”

அண்ணியின் ஆளுக்கு ஆரல் என்று பெயர். படகு ஓட்டுகிறவள். அதிகம் பேசாதவள், கயிறு போடத் தெரிந்தவள். பிராங்கிளின் அண்ணனின் ஆள் கொக்கி, பெரிய உடம்பு. பக்ருதீன் அண்ணனுடையவன் ஓலைக்காரன், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பவன். மூன்று பேரும் நான்கு வருடம் அந்த ஊரில் சுற்றினார்கள்.

அண்ணிக்கு மார்பில் கட்டி என்று தெரிந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு நடந்தது. தலைமுடி போனதும் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்து உட்காருவார். கடைசியாக அவர் விளையாடிய ஞாயிறு எனக்கு நினைவிருக்கிறது. உப்பளத்துக் காவல்காரர்களோடு சண்டை. ஆரலுக்கு மூன்று காயம். அண்ணி தாளில் மூன்று கோடு போட்டுவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தார்.

“நா படகைப் பாத்துக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க” என்றார்.

அவரை உள்ளே படுக்க வைத்தோம். ஆட்டம் தொடர்ந்தது. அந்த வாரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பத்தொன்பதாம் நாள் இறந்துபோனார்.

ஐந்து மாதம் யாரும் வரவில்லை. பிறகு ஒரு ஞாயிறு பிராங்கிளின் அண்ணன் கையில் வஞ்சிர மீனோடு வந்து நின்றார். பின்னாலேயே பக்ருதீன் அண்ணன். நான் பாய் விரித்தேன். அண்ணன் தாள்களை எடுத்து வைத்தார். மூன்று தாள். “ஆரல் படகைப் பாத்துகினு கீறா. நீங்க ரெண்டு பேரும் கரையேறிட்டீங்க. இன்னா பண்றீங்க?” என்று ஆரம்பித்தார்.

அப்படியே ஒரு வருடம் போனது. ஒவ்வொரு ஞாயிறும் அந்த வாக்கியத்தில்தான் கதை தொடங்கும். ஆரல் படகில் இருப்பாள். இவர்கள் போய் அடிபட்டுத் திரும்புவார்கள். படகு இருக்கும். அவளைப் பற்றி யாரும் அதற்கு மேல் பேச மாட்டார்கள்.

ஒரு நாள் ஓலைக்காரனுக்குக் கழுத்தில் வெட்டு. பக்ருதீன் அண்ணன் வழக்கம்போல ரப்பரை எடுத்து, “நைட்டு தூங்கியாச்சு, அழிச்சிரலாமா?” என்று கேட்டார். அண்ணன் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அழிக்காத” என்றார்.

“ரூல் தானே தோஸ்து?”

“இந்த ஊருக்கு இந்த ரூலு ஒத்து வரல. அஞ்சு வருசமா தப்பா ஆடிகினு கீறோம். மாத்தணும்.”

பக்ருதீன் அண்ணன் வேறொரு விதிப் புத்தகத்தைத் தேடிப் பிடித்து அச்செடுத்துக் கொடுத்தார். மெல்லியது, ஐம்பது பக்கம் இருக்கும். அதில் காயம் சீக்கிரம் ஆறாது. ஆனால் அது ஏதோ குளிர் நாட்டில் துப்பறிகிறவர்களுக்காக எழுதியது. துப்பாக்கி, கார், டெலிபோன் எல்லாம் இருந்தது. அண்ணன் அதை உப்புத்துறைக்கு மாற்றத் தொடங்கினார். ஏழு மாதம் பிடித்தது. எனக்கும் சில வேலை கொடுத்தார். ஆங்கில வார்த்தையைப் போனில் தட்டி அர்த்தம் பார்த்துச் சொல்வேன். பழைய தாளில் பலம் பதினான்கு என்றால் புதியதில் அதை ஐந்தால் பெருக்கி எழுபது. துப்பாக்கியை எடுத்துவிட்டு உண்டிவில்லும் தூண்டில் ஈட்டியும் வைத்தார். தைரியத்துக்கு ஒரு எண் இருந்தது. அதை எடுத்துவிட்டு, பசி என்று வைத்தார். அதிர்ஷ்டப் புள்ளிகள் என்று ஒரு பக்கம் இருந்தது. அதை முழுவதும் அடித்துவிட்டார். பத்து காமிக்ஸையும் மறுபடி படித்து, யாருக்கு எந்தப் பக்கத்தில் என்ன அடி, அது எந்தப் புத்தகம் வரை இருந்தது என்று குறித்தார். “முப்பத்தோரு காயம் கீது. நீயும் பாரு” என்றார். நான் மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தேன். முப்பத்தோரு காயம்தான். ஆறியது நான்கு.

உப்பிருமலுக்கு அவரே ஒரு விதி எழுதினார். மாதக் கடைசி ஞாயிறு, துறைக்குள் இருக்கிற எல்லோரும் ஒன்றிலிருந்து நூறு வரை எண் விழுகிற மாதிரி பகடை உருட்ட வேண்டும். பதினைந்தும் அதற்குக் கீழும் விழுந்தால், காயத்துக்குப் போடுவது போலவே ஒரு கோடு. நான்கு கோடு வரை உயிரோடு இருக்கலாம். ஐந்தாவது குறுக்குக் கோடு விழுந்தால் ஆள் இல்லை. போட்ட கோட்டை அழிக்கக் கூடாது. தாளில் எதை மாற்றினாலும் கதை சொல்கிறவரும் தாளுக்கு உரியவரும் கையெழுத்துப் போட வேண்டும். பழைய தாளைப் புதிய விதிக்குக் கொண்டுவருவதற்கும் அதே இரண்டு கையெழுத்து. இதையெல்லாம் அவர் யோசித்து எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை. வேலையில் எழுதுகிற மாதிரி எழுதிக்கொண்டே போனார்.

விதிகளை எழுதிய நோட்டு முடிந்த ஞாயிறு மூன்று பேரும் பாயில் உட்கார்ந்தார்கள். கொக்கியின் தாள் மாறியது. அண்ணனும் பிராங்கிளின் அண்ணனும் கையெழுத்துப் போட்டார்கள். ஓலைக்காரனின் தாளும் மாறியது. அண்ணன் மூன்றாவது தாளை எடுத்தார். புதிய தாளில் ஆரல் என்று எழுதினார். பலம், வேகம் எல்லாம் பெருக்கிப் போட்டார். மூன்று கோடும் போட்டார். கீழே தன் கையெழுத்தைப் போட்டார். பிறகு அப்படியே நிறுத்திவிட்டார்.

அவர் எழுதிய விதியில் அண்ணியின் கையெழுத்துக்கு ஓர் இடம் இருந்தது.

கீழே தண்ணீர் லாரி வந்து பெண்கள் குடத்தோடு ஓடுகிற சத்தம் கேட்டது.

“வுடு நைனா” என்றார் பிராங்கிளின் அண்ணன். “அது பழைய ரூல்லயே இருக்கட்டும். இன்னா இப்போ? நாங்க புதுசுல ஆடறோம், அது பழசுல படகைப் பாத்துக்கட்டும்.”

“ஒரே ஊர்ல ரெண்டு ரூல் எப்டிடா?”

“யாரு வந்து கேக்கப் போறா? கலெக்டரா?”

“பழைய ரூல்ல கீறவளுக்கு இருமல் வராது. தூங்கினா காயம் போயிடும். அவ பக்கத்துல வந்து நீ நின்னா உனக்கு எந்த ரூலு?”

பக்ருதீன் அண்ணன் மெதுவாகச் சொன்னார். “அப்போ தாளை எடுத்து வச்சிரலாம். அவ ஊருக்குப் போயிட்டான்னு வச்சிக்குவோம்.”

“போகல. படகுல கீறா.”

“அய்ய, இன்னாயா உன்னோட பேஜாரு!” பிராங்கிளின் அண்ணனுக்குக் குரல் ஏறிவிட்டது. “ரூலு எழுதினது நீ. அதுல போய் மாட்டிகினதும் நீ. ஒரு கையெழுத்துக்கோசரம் மேல போயி ஆளை எய்ப்பிகினு வருவியா?”

சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டார். அண்ணன் கோபப்படவில்லை. பென்சிலைத் தாள்மேல் நேராக வைத்தார். கொஞ்சம் கழித்து, “ரிலீவர் போட்டா செல்லும்” என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணி போன பிறகு அடுப்படி என்னுடையது. ரேஷன் வரிசை என்னுடையது. அண்ணனின் ஷிப்டுக்கு டிபன் கட்டுவது, புத்தர் ஜெயந்தி அன்று படத்துக்குப் பூ வைப்பது, கீழ்வீட்டுக்காரியோடு தண்ணீருக்குச் சண்டை போடுவது எல்லாம் நான் எடுத்துக்கொண்ட வேலைகள்தான். அவர் இடத்தில் வந்து நின்ற ஆள் என்றால் வேறு யாரும் இல்லை.

“மதி, இங்க வா” என்றார் அண்ணன். “நீ போட்டியானா அந்த ஷீட்டு உன்னுது. மாசக் கடைசில நீதான் உருட்டணும். கோடு வந்தா நீதான் போடணும். வோணாம்னா வோணாம், தப்பு இல்ல.”

“போடாட்டி இன்னா ஆவும்ணா?”

“ஒண்ணும் ஆவாது. ஷீட்டு அப்டியே கிடக்கும்.”

அவருக்கு எது வேண்டும் என்று முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. இரண்டு வருடமாக அந்த முகம் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் தாள் அப்படியே கிடந்தால் அவர் ஒவ்வொரு ஞாயிறும் அந்த வாக்கியத்தைச் சொல்ல முடியாது. சொன்னால் அது அவர் விதிப்படி பொய். ஏழு மாதம் எழுதியதை அவர் மூடிவைப்பார், இல்லை அண்ணியின் தாளை மூடிவைப்பார். நான் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டேன். செ. மதி என்று, பள்ளியில் எழுதிக்கொடுத்த மாதிரியே அப்பா இனிஷியலோடு முழுதாக.

முதல் மாதக் கடைசியில் அடுப்பை அணைத்துவிட்டுப் போய் உருட்டினேன். பத்து முகப் பகடை இரண்டு, ஒன்று பத்துகளுக்கு, ஒன்று ஒன்றுகளுக்கு. அறுபத்திரண்டு. திரும்பி வந்து சோறு வடித்தேன். இரண்டாவது மாதம் ஒன்பது விழுந்தது. நான்காவது கோட்டைப் போட்டேன்.

“படகு துறைக்கு வெளிய நங்கூரம் போட்டு கீதுன்னு வச்சிக்கலாமே?” என்றார் பக்ருதீன் அண்ணன். “உருட்டவே வேணாமே அப்போ.”

அண்ணன் தான் வரைந்த வரைபடத்தைப் பிரித்தார். “படகு உள்ளதான் கீது. பாரு” என்றார். பக்ருதீன் அண்ணன் பார்த்தார். உள்ளேதான் இருந்தது.

“ஒரு இஞ்ச் தள்ளி வரைடா” என்றார் பிராங்கிளின் அண்ணன். “உன் கைதானே, உன் பென்சில்தானே. இன்னா கல் மனசு உனக்கு?”

“தள்ளி வரைஞ்சா அவ எங்க கீறான்னு எனக்கே தெரியாது” என்றார் அண்ணன்.

அடுத்த மூன்று மாதம் எழுபத்தொன்று, நாற்பது, எண்பத்தெட்டு. மாதக் கடைசி நெருங்கினால் பிராங்கிளின் அண்ணன் வரும்போதே, “தங்கச்சி, கையை நல்லா சோப்பு போட்டு கழுவிகினு உருட்டும்மா” என்பார். வேடிக்கையாகச் சொல்வதுபோல்தான் சொல்வார். நானும் கழுவிக்கொண்டுதான் போவேன்.

ஆறாவது மாதம் பதினொன்று.

பகடையை யாரும் தொடவில்லை. அண்ணன் குனிந்து பார்த்து, “பதினொண்ணு. நீயும் பாரு” என்றார். நான் பார்த்தேன். பதினொன்றுதான். பென்சிலை நீட்டினார். நான்கு கோட்டுக்குக் குறுக்கே இழுத்தேன். கையெழுத்துப் போட்டேன், அவரும் போட்டார், தேதியும் நேரமும் எழுதினார். மூன்று மணி நாற்பது.

பக்ருதீன் அண்ணனின் உதடு மட்டும் அசைந்தது. சாவுச் செய்தி கேட்டால் அவர்கள் சொல்கிற அரபு வாசகம், அண்ணி இறந்த அன்றும் வாசலில் நின்று இதையே முணுமுணுத்தார். நான் பார்ப்பது தெரிந்ததும் வெட்கப்பட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிராங்கிளின் அண்ணன் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். அங்கே முதுகைக் காட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். அண்ணன் அவர் திரும்பி வரும்வரை காத்திருந்தார்.

வந்து உட்கார்ந்ததும், “படகுக்கு வந்து சேந்துட்டீங்க. ஆரல் செத்துக் கிடக்கிறா. இருமல். இன்னா பண்றீங்க?” என்று கேட்டார்.

“கடல்ல வுடறோம்” என்றார் பிராங்கிளின் அண்ணன்.

“எப்டி?”

“எப்டின்னா?”

“எதுல சுத்துவீங்க, யாரு தூக்கறது, எங்க கொண்டுபோவீங்க. சொல்லு.”

அவர்கள் சொன்னார்கள். பாய்மரத் துணியில் சுற்றினார்கள். கொக்கி தலைப்பக்கம், ஓலைக்காரன் கால்பக்கம். துறைக்கு வெளியே ஆழமான இடம் வரை போனார்கள். அவள் கயிற்றை அவளோடு போட்டார்கள். பகடை எதற்கும் உருட்டவில்லை. அண்ணன் ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதினார். ஆஸ்பத்திரியிலிருந்து சுடுகாடு வரை அண்ணிக்கு எல்லாவற்றையும் செய்தது மற்றவர்கள்தான். அன்று அண்ணன் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார், யார் கேட்டதற்கும் பதில் சொல்லவில்லை.

ஆட்டம் முடிந்ததும் டீ கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்கள். அண்ணன் குளித்தார், சாப்பிட்டார், படுத்தார். நான் அழுகை வருமா என்று பார்த்தேன். வரவில்லை. மறுநாள் அவருக்கு இரண்டு மணி ஷிப்டு, மரக்கட்டைக் கப்பல்.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை இப்போதும் விளையாடுகிறார்கள். இரண்டு பேர்தான். கொக்கிக்கு இரண்டு கோடு, ஓலைக்காரனுக்கு மூன்று. கதை நான்காவது புத்தகத்தைத் தாண்டியிருக்கிறது. படகைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால், போய்த் திரும்பும்போது அது அங்கே இருக்கிறதா என்று ஒரு தடவை உருட்ட வேண்டியிருக்கிறது. அதைப் பக்ருதீன் அண்ணன் உருட்டுகிறார். இதுவரை இருந்திருக்கிறது. ஆரலின் தாள் பீரோவில் அண்ணியின் ஆதார் அட்டை, இறப்புச் சான்றிதழ் வைத்திருக்கிற கவரில் இருக்கிறது. அண்ணன் வேலைக்குப் போய்வருகிறார். எனக்குப் பாயில் உட்காரும் பழக்கம் இன்னும் வரவில்லை, அடுப்பறை நிலையில்தான் நிற்கிறேன்.